தேன் படகு திரும்பும்வரை

பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம் போன மாசம் லாஞ்சு பிடித்துச் சுந்தரவனக் காட்டைப் பார்க்கப் போனது. திரும்பி வந்து ஒரு வாரமாக அதே பேச்சு. என்ன பச்சை, என்ன மான், சர்க்கார் எவ்வளவு அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது பாருங்கள் மாசிமா என்று அந்த வீட்டு மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நீங்களும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு எதற்கம்மா அந்தக் காடு, அது ஒரு தடவை என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போயிற்று என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்து விளக்க எனக்கும் தெம்பில்லை.

வயசாகிவிட்டால் பேசுவதே ஒரு வேலை. எழுதுவது பரவாயில்லை, நடுவில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது இந்த நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில். சுதேசி, சீமைத் துணியைக் கொளுத்து என்று ஊரே அமளிப்பட்ட சமயம். என் வீட்டுக்காரருக்கு அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலை. தெற்கே கடலோரத்துக் காடுகளைக் கவனிக்கிற ஆபீஸ். அதில் அவர் வரைபடம் வரைகிறவர். பகலெல்லாம் குனிந்து ஆறும் ஓடையுமாக வரைந்துவிட்டு, சாயந்திரம் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்லி என் முன்னால் உட்காருவார். அந்தக் காட்டில் ஒரு நாள்கூடக் கால் வைத்தவரில்லை. ஆனால் எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பவானிபூரில் ஒரு ஓட்டு வீடு. பின்கட்டில் கிணறு. கொஞ்ச தூரம் நடந்தால் ஆதி கங்கை, அதைத் தாண்டினால் சேத்லா சந்தை. வீட்டில் மூன்று பேர்: அவர், நான், அவருடைய அக்கா. எனக்கு மதினி. மதினி சின்னப் பிள்ளையிலேயே தாலி அறுத்தவள். புருஷன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியலட்டி என்பாள். வெள்ளைச்சேலை, வெறும் நெற்றி, வெறும் கை, ஒருவேளைச் சோறு. உடன்பிறந்தவர்கள் வீடு வீடாக மாறி, கடைசியில் இந்தத் தம்பியோடு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தாள். நாக்கு மட்டும் யாருக்கும் அடங்காது. அவள் வாயில் விழுந்தவர்கள் லேசில் எழுந்திருக்க முடியாது. அந்த வாய் இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ செத்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கடலோர ஊர்களின் கதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அங்கே முழுக்கக் காடு. காட்டை வெட்டு, கரை கட்டு, நெல் போடு என்று சர்க்கார் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர்கள் எங்கெங்கிருந்தோ ஏழை பாழைகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் மரத்தை வெட்டினார்கள், உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் மண்கரை போட்டார்கள். காய்ச்சலிலும் பாம்பிலும் புலியிலும் போனவர்கள் போக, மிச்சப்பட்டவர்கள் ஊராக உட்கார்ந்தார்கள். நெல் பற்றாத மாசங்களுக்குக் காடு கொடுத்தது. விறகு, கூரைக்கு ஓலை, நண்டு, தேன். அப்புறம் சர்க்காருக்கு வேறு ஞானம் வந்தது. இப்படியே விட்டால் மரமே மிஞ்சாது, மிச்சக் காட்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்ட பாஸ் வாங்க வேண்டும். சில வருஷம் சில பக்கத்தை அடியோடு அடைத்துவிடுவார்கள், மரம் வளரட்டும் என்று.

வெட்டச் சொன்னவர்களும் நீங்கள்தான், வெட்டாதே என்றவர்களும் நீங்கள்தானா என்று நான் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "காடு இல்லன்னா கடல் நேரா கல்கத்தாவுக்கே வந்துரும், தெரியுமா ஒனக்கு?" என்பார். அதுவும் உண்மைதான். அந்தக் காட்டைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் உண்மையாகத்தான் இருக்கிறது. எனக்கு அலுத்துப்போனதே அதுதான்.

நான் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தேன். கால் இரண்டும் வீங்கி, குனிந்து நிமிர முடியவில்லை. மதினி ஒருத்தியால் எவ்வளவுதான் இடிக்கவும் அரைக்கவும் தண்ணீர் இறைக்கவும் முடியும்? சேத்லாவுக்குக் கூரை ஓலை ஏற்றி வருகிற ஒரு படகுக்காரன் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். பாஸ் விஷயமாக ஆபீஸ் வாசலில் நின்று நின்று பழக்கமானவன். அவன் தன் அண்ணன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டான். போன புயலில் அவர்கள் ஊர் மண்கரை உடைந்து வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டதாம். இனி மூன்று நாலு மழை பெய்து உப்பு கரைந்தால்தான் நெல். இப்போதைக்கு இவளுக்கு இரண்டு மாசம் சோறு போட்டால் போதும் என்றான்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருகிற முரட்டுத் துணி. தலை சிக்குப் பிடித்திருந்தது. நெற்றியில் ஒன்றுமில்லை, வகிட்டில் ஒன்றுமில்லை. கல்யாணமான வங்காளிப் பெண் கையில் சங்கு வளையல் இல்லாமல் இருக்கமாட்டாள். இவள் கை வெறுங்கை. மதினி ஒரு பார்வை பார்த்தாள். "நம்ம சாதிதாட்டி," என்றாள் என்னிடம். வெள்ளைச்சேலை சாதி என்று அர்த்தம்.

உப்புக்கரைக்காரி என்று நாங்கள் பேர் வைத்தோம். அவள் மதினியை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்று கூப்பிட்டாள். மதினிக்குத் தெரிந்த வங்காளிப் பேச்சு, மீன்காரியை விரட்டவும் பால்காரனைத் திட்டவும் மட்டும்தான் போதும். இருந்தாலும் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. இவள் தமிழில் கேட்பாள், அவள் வங்காளியில் சொல்வாள், இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள். ஒன்றும் விளங்கியிருக்காது. உப்புக்கரைக்காரியும் ஒருவேளைதான் சாப்பிட்டாள். மீன் தொடவில்லை, எண்ணெய் வைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டு பேரும் கிணற்றடியில் எதிரெதிரே உட்கார்ந்து பச்சரிசிச் சோற்றைத் தின்பார்கள். மதினியோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட அதுவரை யாரும் இருந்ததில்லை. அவள் சிரிப்புச் சத்தம் பின்கட்டிலிருந்து கேட்டது அந்த நாட்களில்தான்.

புருஷனைப் பற்றி மதினி ஒரு தரம் கேட்டிருக்கிறாள். உப்புக்கரைக்காரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாளாம். பாவம், இன்னும் ஆறல போலிருக்கு என்று மதினி அப்புறம் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயந்திரம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நம்ம உப்புக்கரைக்காரி புருஷன் இந்த வருஷம் ரொம்பத் தெக்க போயிருக்கானாம். ஓலைக்காரன் சொன்னான்."

சமையலறைக்குள் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "யாரு புருஷன்?" என்று மதினி வெளியே வந்தாள்.

"அவ புருஷந்தான்க்கா. தேன் எடுக்கப் போயிருக்கான். வழக்கமா போற காட்டை இந்த வருஷம் அடைச்சாச்சு. கோடு நாந்தான் வரைஞ்சேன், சிவப்பு மையில. அதனால கடல் பக்கம் போகணும். அங்க ஆறு அகலம், மத்ததும் ஜாஸ்தி." மத்தது என்றால் புலி.

"உசுரோடயா இருக்கான்?"

"இருந்தாத்தான தேன் எடுக்க முடியும்?"

அன்று ராத்திரி பூராவும் மதினி முகம் கொடுக்கவில்லை. மறுநாள் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து தின்றாள். உப்புக்கரைக்காரி தன் ஏனத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தபோது, எழுந்து உள்ளே வந்துவிட்டாள். "வேசம் போட்டிருக்கா மூதி," என்று என்னிடம் பொரிந்தாள். "எனக்கு விதி, நான் இப்படி நிக்கேன். கட்டினவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில இவளுக்கு என்ன கேடு? பொட்டு இல்லாம நிக்க வேண்டுதலா?" கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா, ஏமாந்த துக்கமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மதினிக்கு யாரையும் ரொம்ப நாள் வெறுக்க வராது. நாலைந்து நாளில் தானே ஒரு கதை கட்டிக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்திருக்க வேண்டும். வயல் போச்சு, வீட்டில் சோறில்லை, இவனும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கோபத்தில் பொட்டை அழித்து வளையலைக் கழற்றியிருக்கிறாள். எங்கள் ஊரில் புருஷன் இருக்கும்போது ஒருத்தி பொட்டில்லாமல் இருக்க வேறு காரணம் கிடையாது. "கோவம் தெளியட்டும். நானே பாத்து வைக்கச் சொல்லுதேன்," என்றாள்.

வைகாசியில் எனக்கு வளைகாப்பு. ஊரில் இருந்தால் தாய்வீட்டில் நடக்கும். இங்கே பவானிபூரிலும் காளிகாட்டிலுமாக இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பத்துப் பெண்கள்தான் எனக்குத் தாய்வீடு. கார்டன் ரீச்சிலிருந்து ஒரு ரயில்வே ஆபீசர் வீட்டம்மா குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். பாரி உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். எந்த விசேஷமானாலும் தான் முன்னால் நின்று நடத்தாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கண்ணாடி வளையல் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. சீமை வளையல் விற்கக் கூடாது என்று கடைகளில் ரகளை. வளையல்காரன் ஒவ்வொரு டஜனை எடுக்கும்போதும் இது சுதேசி அம்மா, காளி மேல் சத்தியம் என்று சொல்லிக்கொண்டே எடுத்தான்.

சித்திரான்னம் அத்தனையும் மதினி செய்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, பருப்பு வடை. செய்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வளைகாப்பில் அவள் கூடத்துக்கு வரக் கூடாது. யாரும் சொல்லவில்லை, அவளாகவே வரவில்லை. அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. என் கையில் வேப்பங்கொழுந்துக் காப்பு போட்டு, வளையல் அடுக்கி, பாட்டுப் பாடி முடித்தார்கள். பிறகு வந்த பெண்கள் எல்லோருக்கும் வளையல், மஞ்சள், குங்குமம், பூ. அந்த நேரம் பார்த்து உப்புக்கரைக்காரி தண்ணீர்ச் செம்புகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து மதினி குரல் கொடுத்தாள். "ஏளா, அவளுக்கும் போடுங்க. அவளும் சுமங்கலிதான். விட்றாதீங்க."

ரயில்வே அம்மாவுக்கு அது போதாதா? எட்டி அவள் கையைப் பிடித்தாள். உப்புக்கரைக்காரி "நா, நா" என்று மறுத்துப் பின்னால் போனாள். எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளையலோ பூவோ கொடுத்தால் உடனே கையை நீட்டக் கூடாது. எனக்கு எதுக்கு, வேண்டாம், வேண்டாம் என்று பின்வாங்க வேண்டும். கொடுக்கிறவர்கள் பிடித்து இழுக்க வேண்டும். உடனே நீட்டினால் அலைகிறாள் என்று பேச்சு வரும். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் இழு என்றுதான் நாங்கள் புரிந்துகொள்வோம். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு திமிறினாளோ, இவர்கள் அவ்வளவுக்கு அவ்வளவு சிரித்தார்கள். "ஆத்தாடி, வெக்கத்தப் பாரு!" "பிடிச்சுக்கோ அந்தக் கையை!" இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள், ஒருத்தி வளையலை ஏற்றினாள், ரயில்வே அம்மா நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமத்தை அப்பினாள். ஒருத்தி பூவைச் செருகினாள்.

அவள் போட்ட கூச்சல் வெட்கப்படுகிறவள் போடுகிற கூச்சல் இல்லை.

கையை உதறிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். கிணற்றுக் கல்லில் இரண்டு கையையும் அடித்து வளையலை உடைத்தாள். அடுத்தது, இன்னும் அடுத்தது. ரத்தம் வந்தது. வாளித் தண்ணீரைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வளைகாப்பு வீட்டில் வளையல் உடைகிற சத்தம்! எங்கள் பக்கம் அந்தச் சத்தம் எப்போது கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தது, இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். ஆனால் அந்த நிமிஷத்தில் அது எனக்குத் தெரியாதே.

அவள் அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். கீழே இறங்கி வந்து அவளை உட்காரவைத்துக் கேட்டாள். கேட்டு எங்களுக்குச் சொன்னாள். அந்த ஊரில் புருஷன் காட்டுக்குள் போய்விட்டால், திரும்பி வரும்வரை பெண்டாட்டி இப்படித்தான் இருக்க வேண்டுமாம். பொட்டு கூடாது, வளையல் கூடாது, தலை சீவக் கூடாது. பகலில் அடுப்பு மூட்டக் கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது. அவன் பேரையோ பேச்சையோ எடுக்கக் கூடாது. இவள் விதவை மாதிரி இருந்தால்தான் காட்டுத் தாய் அவனை உயிரோடு திருப்பி அனுப்புவாள். கோட்டுக்கு அந்தப்பக்கம் பாஸ் கொடுப்பது சர்க்கார், உயிர் கொடுப்பது அந்தத் தாய். இப்போது நோன்பு உடைந்துவிட்டது. அவனுக்கு என்ன ஆகுமோ என்றுதான் அழுகிறாள் என்றாள் அந்த அம்மாள்.

ரயில்வே அம்மா முகம் கறுத்துப்போயிற்று. "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நல்ல நாளும் அதுவுமா அபசகுனம். முதல்ல அவளை வீட்டை விட்டு அனுப்புங்க," என்றாள்.

அப்போதுதான் மதினி வெளியே வந்தாள். சமையலறைக் கதவைத் தாண்டி, வளையல் தட்டைத் தாண்டி, மஞ்சள் குங்குமம் வைத்திருந்த பெண்களுக்கு நடுவே நடந்து பின்கட்டுக்குப் போனாள். ஒன்றிரண்டு பேர் முந்தானையை இழுத்து ஒதுங்கினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. உப்புக்கரைக்காரியின் கையைப் பிடித்து, கண்ணாடிச் சில்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். "நாந்தான் சொன்னேன், நாந்தான்," என்று தமிழில் சொல்லிக்கொண்டே எடுத்தாள். உப்புக்கரைக்காரி ஒன்றும் போகமாட்டாள் என்று நான் ரயில்வே அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா சாப்பிடாமலே வண்டி ஏறினாள்.

வைகாசி முடிகிற சமயம் தேன் படகுகள் ஒவ்வொன்றாகச் சேத்லாவுக்கு வர ஆரம்பித்தன. ஓலைக்காரக் கொழுந்தன் வந்து சொல்வான்: அந்த ஊர்ப் படகு வந்துவிட்டது, இந்த ஊர்ப் படகு வந்துவிட்டது. இவள் புருஷன் போன படகு வரவில்லை. அவள் அழுவதை நிறுத்தியிருந்தாள். வேலை செய்வாள், உட்காருவாள். மதினியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தீதிக்குத் தெரியாது, என் தலையெழுத்து என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மதினிக்குப் பாரம் குறைந்திருக்கும்.

மதினி செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவளும் நோன்பில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாதி நோன்பு ஏற்கனவே இருக்கேன். மீதியும் சேத்து இருக்கேன். உடைஞ்சதுக்கு என் நோன்ப எடுத்துக்கிடட்டும் அந்தத் தாயி," என்றாள். "எத்தன வருசமா இந்த வெள்ளைச்சேலைய கட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தருக்காவது பிரயோஜனப்பட்டுதா? இவ புருசனுக்காவது படட்டும்." தலை சீவுவதை விட்டாள். அவள் விட்டதோடு நிற்கவில்லை, வீட்டையே நோன்பில் உட்காரவைத்தாள். விடிவதற்குள் சமைத்து அடுப்பை அணைத்துவிடுவாள். மத்தியானம் ஆறிப்போன சோறு. மிளகாய் வறுக்கக் கூடாது, அதனால் தாளிப்பு கிடையாது. திருநெல்வேலிக்காரன் தாளிக்காத ரசத்தை எப்படி விழுங்குவான்? என் வீட்டுக்காரர் முதல் நாள் வாயைத் திறந்தார்.

"என்னக்கா, ரசமா இது?"

"கோடு வரைஞ்சேல்லா? சிவப்பு மையில? தின்னு."

அதற்கப்புறம் அவர் ரசத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் பேசினேன். ஆபீஸில் கேட்டுச் சொல்லுங்கள், அந்தப் படகு எங்கே என்று தினமும் பிடுங்கினேன். "உள்ள போறவனுக்குத்தான் பாஸ். வெளிய வந்தானான்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது," என்றார். நல்ல ஆபீஸ்தான் போங்கள் என்றேன். மரத்தை எண்ணி வைத்திருக்கிறீர்கள், மான் எங்கே தண்ணீர் குடிக்கும் என்று தெரிகிறது, மனுஷன் ஒருத்தன் போனால் வந்தானா செத்தானா என்று தெரியாதா? அன்றைக்கு அவர் கழுத்தைப் பிடித்துவிடு என்று சொல்லவில்லை. எழுந்துபோய்த் திண்டில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். அவரைச் சொல்லி என்ன? அந்தக் கோட்டை அவர் வரையாவிட்டால் இன்னொருத்தர் வரைந்திருப்பார். கோடே இல்லாவிட்டால் இன்றைக்குக் காடும் இருக்காது. எல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

காலையில் வேலை முடிந்ததும் மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சேத்லா படித்துறைக்குப் போய் நிற்பாள். உப்புக்கரைக்காரி போகமாட்டாள், எதிர்பார்த்து நிற்பதும் அவர்களுக்கு ஆகாதாம். அதனால் அவளுக்கும் சேர்த்து இவள் போனாள். படகுக்காரர்கள் இந்த வெள்ளைச்சேலைத் தமிழச்சியைப் பார்த்துப் பழகிப்போனார்கள். எந்த ஊர்ப் படகு என்று கேட்க மட்டும் வங்காளி கற்றுக்கொண்டாள். திரும்பி வந்து என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டுவாள். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவாள். தன் புருஷன் செத்தபோது தான் அழவில்லை என்று ஒரு நாள் சொன்னாள். என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லையாம், எல்லோரும் அழுதார்களாம், தான் வேடிக்கை பார்த்தாளாம். "இப்பத்தாட்டி எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

ஆனியில் முதல் மழை பெய்தது. தேன் காலமே முடிந்துவிட்டது. இனி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அன்று மதினி போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மூச்சு வாங்கியது, சேலையெல்லாம் சேறு. பின்வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றான். கறுத்து, வற்றி, ஒரு காலில் துணி சுற்றியிருந்தான். முகமெல்லாம் தேனீ கொட்டித் தழும்பு. கடல் பக்கத்தில் படகு சேற்றில் ஏறி அடி பிளந்துவிட்டதாம். ஒட்டி, அடைத்து, வேறு படகோடு கட்டி இழுத்து வந்து சேர இத்தனை நாள். கூடப் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

உப்புக்கரைக்காரி அவனைப் பார்த்தாள். நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளித்தாள். என்னிடம் வந்து எண்ணெய் கேட்டாள், சீப்புக் கேட்டாள். சீப்பை மதினி வாங்கிக்கொண்டாள். அந்தச் சிக்கை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு மாசச் சிக்கு. மதினி பொறுமையாக எடுத்தாள், ஒரு இழுப்பு வலிக்க இழுக்கவில்லை. பின்னிவிட்டாள். உப்புக்கரைக்காரி முந்தானை முடிச்சிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துத் தானே வகிட்டில் வைத்துக்கொண்டாள். சங்கு வளையலை அவனே இடுப்பில் கட்டி வைத்திருந்தான். போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் இரண்டு மாசம் நடமாடியவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எவ்வளவு சின்ன வயசு என்று அப்போதுதான் தெரிந்தது. மதினி காலைத் தொட்டாள், என் வயிற்றைத் தொட்டாள், அவன் பின்னாலே போய்விட்டாள். படகு காத்திருந்தது, நிற்க நேரமில்லை.

எனக்கு மனசு நிறைந்து கிடந்தது. பகல் என்றும் பார்க்காமல் அடுப்பை மூட்டினேன். மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கடுகு வெடிக்க ரசத்தைத் தாளித்தேன். வீடெல்லாம் நெடி. இலையைப் போட்டுவிட்டு மதினியைக் கூப்பிட்டேன். அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் சீப்பு இருந்தது.

"வாங்க மதினி. அவந்தான் வந்துட்டானே. நோன்பு முடிஞ்சுது. தலையைச் சீவி முடிஞ்சுட்டு வந்து ரெண்டு வாய் சூடாச் சாப்பிடுங்க."

"வந்துட்டாண்ட்டி," என்றாள். "நல்லா இருக்கட்டும். அவ நோன்பு முடிஞ்சுட்டு."

எழுந்திருக்கவில்லை. தன் வெள்ளைச்சேலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"நான் யாரு வாரதுக்காகட்டி இருக்கேன்?"